காணாமல் போன 245 ஜி.பி.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து இன்றுதான் ஸ்கேன் சென்டரில் பழைய கூட்டம். காலையில் முதல் ரிப்போர்ட்டுக்குப் பிரிண்ட் கொடுத்தேன். ‘டிஸ்க்கில் இடம் இல்லை’ என்று ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. பிரிண்டர் ஒருமுறை முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. பித்தப்பையில் கல் இருந்த பெரியவர் ஒருவர், அந்தக் கல்லுக்கே நான்தான் பொறுப்பு என்பது போல முறைத்தார்.

இங்கே ரிசப்ஷனும் நான்தான், டைப்பிஸ்டும் நான்தான். உள்ளே டாக்டரம்மா ஸ்கேன் பார்ப்பார். இன்டர்காமில் அவர் சொல்லச் சொல்ல நான் வெளியே டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். நிர்வாகம் முழுக்க அவர் கணவர் தனசேகர் சார். அவரிடம் போய்ச் சொன்னேன்.

“வேண்டாததை அழிச்சுட்டு வேலையப் பாரு பரிமளா. வெளியாள் யாரையும் கூப்புட வேண்டாம்” என்றார்.

பி.சி.ஏ. படித்த திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன். தற்காலிக ஃபைல்களை அழித்தேன். சார் இறக்கி வைத்திருந்த இரண்டு சினிமாக்களையும் அழித்தேன். கேட்டால் வைரஸ் என்று சொல்லிக்கொள்ளலாம். 2.4 ஜி.பி. கிடைத்தது. சாயங்காலம் பார்த்தால் 2.1. நான் இன்று அடித்தது வெறும் எழுத்து. எழுத்துக்கு இவ்வளவு இடம் ஆகாது.

தினமும் மூடும்போது மீதி இடத்தை எழுதி வைத்தால் எது தின்கிறது என்று பிடித்துவிடலாம். அதற்காகத்தான் மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்த இந்த டைரி. மற்ற வருடங்களில் என் மகள் தர்ஷினி படம் வரைய வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன்.

மீதி 2.1. பின் போட்ட கவர் 5. ஸ்டேப்ளர் பின் தீரப்போகிறது, வாங்க வேண்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

மீதி 1.9. பின் போட்ட கவர் 3.

பின் கவரை ஏன் எழுதுகிறேன் என்றால், மூடும் நேரத்தில் தனசேகர் சார் எத்தனை என்று கேட்பார். கல், கட்டி, வயிற்றுவலி ரிப்போர்ட்டெல்லாம் திறந்த கவரில் போகும். கர்ப்பிணிகள் சிலருக்கு மட்டும் டாக்டரம்மா இன்டர்காமில் “பின் போட்டுரும்மா” என்பார். ஒன்றா இரண்டா என்பதையும் அவரே சொல்லிவிடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

மதியம் ஒரு கவருக்கு இரண்டு பின் போட்டுக் கொடுத்தேன். வாங்கிய மாமியார் கவரைப் பிரிக்கவே இல்லை. பின்னை விரலால் தடவிப் பார்த்தார், மருமகளிடம் ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கினார். அந்தப் பெண் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்றுதான் அடித்திருந்தேன்.

ஜனவரி 22, புதன்

டாக்டரம்மா ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டார். ஸ்கேன் கிடையாது. ஆனால் கம்ப்யூட்டர் காலையிலிருந்து ஓடியது. பழைய ரிப்போர்ட்டின் நகல் கேட்டுப் பதினெட்டு பேர் வந்தார்கள்.

மீதி 1.9. அப்படியே இருக்கிறது. பின் கவர் இல்லை.

ஜனவரி 23, வியாழன்

இன்று மதியச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு ஃபோல்டராக வலது பக்கம் கிளிக் செய்து, அளவு பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். மொத்தம் 218 ஜி.பி. வந்தது. கம்ப்யூட்டரைக் கேட்டால் 463 நிரம்பிவிட்டது என்கிறது. மறுபடி கூட்டினேன். அதே 218.

மீதி 245 எங்கே? வீட்டுக்குள் பூட்டாத அறை எல்லாம் பார்த்த பிறகும் யாரோ இருமும் சத்தம் கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

இந்த கம்ப்யூட்டரை ஆரம்பத்தில் அமைத்துக் கொடுத்த ஜெயசீலனுக்கு மொட்டை மாடியிலிருந்து போன் செய்தேன். கவுன்டரில் போன் பேசினால் சாருக்குப் பிடிக்காது. கவுன்டருக்கு மேலே ஒரு கேமரா உண்டு. அது ரிப்பேர் என்று நான் சேர்ந்த அன்றே சொல்லியிருக்கிறார். ஆனாலும் எப்படியோ அவருக்குத் தெரிந்துவிடும்.

“மறைச்சு வெச்சிருந்தா கூட்டல்ல வராதுங்க்கா” என்றான் ஜெயசீலன்.

“யாரு மறைச்சு வெச்சது?”

எந்த மெனுவில் எந்த இரண்டு டிக்கை எடுக்க வேண்டும் என்று மட்டும் வேகமாகச் சொன்னான். “நான் சொன்னேன்னு சாருகிட்டச் சொல்லிராதீங்க. எனக்கும் புள்ளைங்க இருக்குதுங்க.”

ஒரு டிஸ்க்கைச் சுத்தம் செய்ய இவன் ஏன் பிள்ளைகளை இழுக்கிறான்?

மீதி 1.7. பின் கவர் 4. டிக்கை எடுக்கவில்லை. சார் பக்கத்திலேயே நின்றார்.

ஜனவரி 24, வெள்ளி

சார் இன்று என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மூன்றரை வருடத்தில் அவர் முன்னால் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

“அடுத்த வெள்ளிக்கிழமை சுகாதாரத் துறையிலேருந்து செக்கிங் வர்றாங்கம்மா. பயப்பட ஒண்ணுமில்ல. ஸ்டாஃப் ரெக்கார்டு மட்டும் சரியா இருக்கணும்” என்றார். ஆதார் நகல் வாங்கிக்கொண்டார். ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாளை நீட்டினார். வெளியே இன்டர்காம் கத்திக்கொண்டிருந்தது. அவசரத்தில் கையெழுத்துப் போட்டேன். எழுந்தபோது கண்ணில் பட்ட வரி, ரிப்போர்ட் கவர்களைக் கையாள்வதும் கொடுப்பதும் முழுக்க என் பொறுப்பு என்பது.

படித்துவிட்டுப் போட்டிருக்கலாம். படித்திருந்தாலும் போட்டிருப்பேன்.

மீதி 1.3. பின் கவர் 6.

ஜனவரி 26, ஞாயிறு

தர்ஷினி பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றிவிட்டு மிட்டாயோடு வந்தாள். ஒன்றை எனக்குக் கொடுத்தாள், ஒன்றை அப்பாவுக்கு. “தங்கச்சிப் பாப்பா இருந்தா இதை அவளுக்குக் குடுத்திருப்பேன்” என்று மூன்றாவதைத் தானே தின்றாள். இரண்டாவது நின்றிருந்தால் இப்போது மூன்று வயது தாண்டியிருக்கும். அது கலைந்துபோனது.

அத்தை, என் மாமியார், சமையலறையில் பாத்திரத்தை உருட்டினார். மழை வரும்போல இருந்ததால் துணிகளை எடுத்து உள்ளே போட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

சரியாக எழுத வேண்டும்.

காலையில் இந்த டைரியைத் திருப்பினேன். ஐந்து கவர் போன நாளில் 0.3 குறைந்திருக்கிறது. மூன்று கவருக்கு 0.2. கவரே இல்லாத புதன்கிழமை ஒன்றுமே குறையவில்லை. ஆறு கவருக்கு 0.4. ஒரு கவருக்கு அறுபது எம்.பி. சொச்சம் வீதம் இடம் போகிறது. கம்ப்யூட்டருக்கு ஸ்டேப்ளர் எப்படித் தெரியும்?

சார் பேங்குக்குப் போன நேரத்தில் ஜெயசீலன் சொன்ன இரண்டு டிக்கையும் எடுத்தேன். ‘பழைய பிரிண்டர்’ என்று ஒரு ஃபோல்டர் வெளியே வந்தது. 245 ஜி.பி. உள்ளே தேதி வாரியாக ஃபோல்டர்கள், நாலரை வருடத்துக்கு. மூவாயிரத்து எழுநூறு சொச்சம் வீடியோ.

போன வெள்ளிக்கிழமையில் ஆறு வீடியோ இருந்தது. முதலாவதைத் திறந்தேன். நான்தான். ரிப்பேர் என்று சொன்ன அந்தக் கேமரா என்னை உச்சந்தலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. காதில் இன்டர்காம் ரிசீவர். “சரிங்க டாக்டரம்மா” என்கிறேன். கவரை மடித்து இரண்டு பின் அடிக்கிறேன். அந்த டக், டக் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. கவரை நீட்டும்போது லேசாகச் சிரிக்கிறேன். நான் சிரிப்பேன் என்பது எனக்கே தெரியாது.

என் தலைக்குப் பின்னால் சுவரில் உள்ள போர்டு முழுதாக விழுந்திருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படுவதில்லை, சொல்வதும் கேட்பதும் தண்டனைக்குரிய குற்றம் என்று பெரிய எழுத்தில்.

ஒரு பின் என்றால் ஆண். இரண்டு பின் என்றால் பெண். மூன்றரை வருடமாக எனக்குத் தெரியும். எழுதுவது இதுதான் முதல் தடவை.

மேலும் பத்துப் பன்னிரண்டு பார்த்தேன். எதிலும் டாக்டரம்மாவின் குரல் இல்லை. ரிசீவர் என் காதில் அல்லவா இருக்கிறது? சார் நிழல்கூட இல்லை. நான், என் கை, ஸ்டேப்ளர், போர்டு. பார்க்கிறவர்களுக்கு இந்தக் கடையே என்னுடையது என்றுதான் தோன்றும்.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்ட தாள் ஞாபகம் வந்தது. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டேன். பயமாக இருக்கிறது. ஜெயிலுக்குப் போனால் தர்ஷினிக்கு யார் தலை பின்னுவார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது.

ஜனவரி 28, செவ்வாய்

பின் கவர் 3. எல்லாப் பின்னும் கோணலாக விழுந்தன. நாள் முழுக்க மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜனவரி 29, புதன்

எனக்கு முன்னால் இந்த சீட்டில் ஸ்டெல்லா அக்கா இருந்தாள். ஒரு செக்கிங்கில் மாட்டிக்கொண்டு போலீஸ் கேஸ் ஆகி ஊரை விட்டே போனாள். பேராசை பிடித்தவள், சனங்களிடம் ரகசியமாகச் சைகை காட்டிச் சம்பாதித்தாள் என்று சார் சொன்னார். நானும் நாலு பேரிடம் அப்படியே சொன்னேன். சேர்ந்த முதல் வாரத்தில் டாக்டரம்மா “பின் போட்டுரும்மா” என்றபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது. சம்பளம் நேரத்துக்கு வந்தது.

பழைய வருகைப் பதிவேட்டில் அவள் நம்பர் இருந்தது. மாடிக்குப் போய்க் கூப்பிட்டேன்.

“பரிமளாவா? அந்த சீட்டுலதான் நீ உக்காந்திருக்கியா?” என்றாள். கோபமில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வீடியோவைப் பற்றிச் சொன்னேன்.

“அதேதான். செக்கிங் வந்தன்னிக்கு அந்தாளே ஒரு வீடியோவ எடுத்து நீட்டுனாரு. ‘எங்களுக்குத் தெரியாம இந்தப் பொம்பள இப்படிப் பண்ணியிருக்கா சார்’னு கண்ணு கலங்கிச் சொன்னாரு. நான் டாக்டரம்மாதான் சொல்லுச்சுன்னு கத்துறேன், வீடியோவுல என் கைதான் தெரியுது. பதினஞ்சு நாளு உள்ள இருந்தேன். இன்னும் வாய்தாவுக்கு அலையறேன்.”

“இப்ப நான் என்னக்கா பண்றது? வேலைய விட்டு நின்னுரட்டுமா?”

“நின்னாலும் வீடியோ நிக்காதே, கண்ணு. அந்தம்மா கொரலு மட்டும் ஒரே ஒரு வார்த்தை அதுல இருந்திருந்தா நான் இந்தக் கதிக்கு வந்திருக்க மாட்டேன்.”

கீழே வந்தபோது சார் கவுன்டரில் நின்றிருந்தார். “மாடில என்னம்மா வேலை?” என்றார். துணி காயுதான்னு பார்த்தேங்க என்றேன். இங்கே யாரும் துணி காயப்போடுவதில்லை. அவர் என்னையே பார்த்துவிட்டுப் போனார்.

ஜனவரி 30, வியாழன்

காலையில் ஜெயசீலன் பிரிண்டர் டோனர் டப்பாவோடு வந்தான். நேற்றிரவு நான் அழுதுகொண்டே போன் செய்திருந்தேன். டப்பாவுக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க். கவுன்டருக்கு அடியில் குனிந்து அதை மாட்டும்போதே தாழ்ந்த குரலில் சொன்னான்.

“அந்த ஃபோல்டர மறைச்சுக் குடுத்ததே நான்தாங்க்கா. செக்யூரிட்டிக்குன்னாரு. நீங்க கவர் நீட்டும்போது அவரு ரூம்ல ஒரு பட்டனைத் தட்டுவாரு. அதுக்கு முன்னாடி நடந்த ரெண்டு நிமிஷமும் சேந்து பதிவாயிரும். அவரு டிவில படம் மட்டுந்தான் வரும், சத்தம் வராது. சத்தம் ஃபைல்ல மட்டும் இருக்கும்.”

“இப்பவும் பாத்துட்டிருக்காரா?”

“பிரிண்டருக்கு டோனர் மாத்தறேன்னு நெனப்பாருங்க. நீங்க மூஞ்சிய மட்டும் சாதாரணமா வெச்சுக்கங்க.”

அவன் போய்விட்டான். நகல் எடுக்க மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம் என்று காட்டியது. அத்தனை நேரமும் மூஞ்சியைச் சாதாரணமாக வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இன்று தெரிந்தது. நடுவில் சார் வந்து, “சிஸ்டம் ஏன் இவ்வளவு மெதுவா இருக்கு?” என்றார். இடமில்லைங்க சார் என்றேன். என் முழங்காலுக்கு அருகே ஹார்ட் டிஸ்க் விளக்கு நீலமாக மினுங்கிக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்பை அதன் மேல் தொங்கவிட்டேன்.

“நாளைக்குச் செக்கிங் முடியட்டும், புதுசு வாங்கிரலாம்” என்று சிரித்தார். புது டிஸ்க்கா, புது ஆளா என்று கேட்கத் தோன்றியது.

மூன்றரை மணிக்கு இன்டர்காம் அடித்தது. அதில் ஸ்பீக்கர் பட்டன் ஒன்று உண்டு, யாரும் தொடுவதில்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டே அந்தப் பட்டனை அழுத்தினேன்.

“பரிமளா, இப்ப வந்துச்சே அந்தப் பொண்ணுக்குப் பின் போட்டுரு” என்றார் டாக்டரம்மா. ஹாலில் பாதிப் பேர் நிமிர்ந்தார்கள்.

“எத்தனை பின்னுங்க டாக்டரம்மா?”

“ரெண்டும்மா. ரெண்டு.”

அந்தப் பெண் கவுன்டருக்கு எதிரிலேயே நின்றாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். மருதாணி பாதி அழிந்த கை. வெளியே ஆட்டோ பேசப் போயிருந்த அவள் மாமியார் அப்போதுதான் உள்ளே வந்து கையை நீட்டினார். ஒரு பின் அடித்தேன். இரண்டாவதற்கு ஸ்டேப்ளரைத் தூக்கினேன். என்னால் முடியவில்லை. அப்படியே நீட்டிவிட்டேன்.

மாமியார் தடவிப் பார்த்தார். முகம் விரிந்தது. “ஆட்டோவ மெதுவா ஓட்டச் சொல்லணும்” என்று மருமகளைத் தோளோடு அணைத்துக் கூட்டிப்போனார். அந்தப் பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு பாசம் என்று விளங்கவில்லை. திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

நாலைந்து மாதத்தில் பொய் தெரிந்துவிடும். அன்று அவளை என்ன செய்வார்களோ. நல்லது செய்தேனா, அவளை இன்னும் பெரிய சிக்கலில் மாட்டிவிட்டேனா, தெரியவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து ஃபோல்டரில் புது வீடியோ இருந்தது. ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். டாக்டரம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தாலும் வார்த்தை தெளிவு. ‘ரெண்டும்மா. ரெண்டு.’ அதையும் நகல் எடுத்தேன்.

அதன் பிறகு, திங்களிலிருந்து தேட மாட்டேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்த தேதியைத் தேடினேன். நாலு வருடத்துக்கு முன், மார்ச் 11.

இருந்தது. கவுன்டரில் ஸ்டெல்லா அக்கா. எதிரே பச்சைச் சேலையில் நான். இடுப்பில் மூன்று வயது தர்ஷினி, ரிப்பனைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அத்தை. டக், டக். கவரை வாங்கப் போகிறேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டுத் தானே வாங்கித் தடவிப் பார்க்கிறார். நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். எனக்குப் புரிந்துவிட்டது என்பது மேலேயிருந்து பார்த்தாலே தெரிகிறது.

26ஆம் தேதி நான் எழுதியது பொய். அது தானாகக் கலையவில்லை. அத்தைதான், வீட்டுக்காரர்தான் என்று எழுத வருகிறது. ஆனால் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு யாரும் என்னைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நானேதான் நடந்து போனேன். ஐந்து மாதம் கழித்து இதே டாக்டரம்மா, “படிச்ச பொண்ணு வீட்ல சும்மா இருக்கியே, வேலைக்கு வாயேன்” என்றார். வந்தேன்.

மீதி 0.6. பின் கவர் 4.

ஜனவரி 31, வெள்ளி

மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். தர்ஷினிக்கு விடியும் முன்னே தலை பின்னிவிட்டேன், தூக்கத்திலேயே திட்டினாள். வீட்டுக்காரரிடம், ஆபீஸ் வேலையாகப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். இப்போது பத்து மணி. செக்கிங் பதினொன்றுக்கு. சாரிடமிருந்து ஏழு தடவை போன் வந்துவிட்டது. எட்டாவதாக இப்போது அடிக்கிறது.

பயம் போகவில்லை. உள்ளே இருக்கும் அதிகாரி சாருக்கு வேண்டியவராக இருந்தால்? குரல் இருந்தாலும் கை என்னுடையதுதானே என்று சொன்னால்? சொல்லத்தான் செய்வார்கள். அது உண்மையும்கூட. ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்தேன். “நானும் பஸ் ஏறிட்டேன், நீ உள்ள போயிராத, இரு” என்றாள். ஆனால் என் முறை வந்தால் நிற்க முடியாது.

மடியில் டோனர் டப்பா. அதற்குள் அத்தனை வீடியோவும். இந்த டைரியையும் சேர்த்துத்தான் கொடுக்கப் போகிறேன். எந்த நாளில் எத்தனை கவர் என்பது இதில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தையும் கிழிக்கவில்லை.

மார்ச் 11 வீடியோவை மட்டும் நீக்கிவிடலாம் என்று நேற்று நினைத்தேன். மவுஸை அதன் மேல் வைத்து வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். வெறும் அறுபத்தெட்டு எம்.பி. நீக்கியிருந்தால் யாருக்கும் தெரியாது. நான் மிரட்டப்பட்ட பாவப்பட்ட வேலைக்காரியாக மட்டுமே தெரிந்திருப்பேன். நீக்கவில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் அவள் என் வயிற்றில் உயிரோடு இருக்கிறாள். வேறெங்கும் அவளுக்கு ஒரு படமோ, ஒரு காகிதமோ கிடையாது.

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.